காலியிடத்தைப் பார்த்துப் பயப்படுவது எப்படி: ஜான் கார்பென்டர் படங்களுக்கு ஓர் அறிமுகம்

போன தீபாவளி விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகன் கேட்டான்: "மாமா, இதுல என்ன பயம் இருக்கு? முதல்ல ஒரு கொலை. அப்புறம் அரை மணி நேரமா ஒண்ணுமே நடக்கலையே."

அவன் பார்த்துக்கொண்டிருந்தது அமெரிக்க இயக்குநர் ஜான் கார்பென்டர் எடுத்து 1978இல் வந்த 'ஹாலோவீன்'. பார்க்கச் சொன்னது நான்தான். அவனுக்குப் பழகிய பேய்ப் படங்களில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவு படாரென்று சாத்தும், கண்ணாடிக்குள் ஒரு முகம் வரும், ஸ்பீக்கர் கிழியும். இதிலோ மூன்று பெண்பிள்ளைகள் பள்ளி விட்டு வீட்டுக்கு நடக்கிறார்கள், பேசிக்கொண்டே போகிறார்கள். வெயில் வேறு அடிக்கிறது.

அப்போது எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. ராத்திரி அவனை மோட்டாரில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் கடைத்தெருவுக்குப் போய் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். எங்கள் தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்கு, வரும் வழியில் கொஞ்ச தூரம் இரண்டு பக்கமும் செம்பனை, எண்ணெய்ப் பனைத் தோட்டம். தெருவிளக்கு கிடையாது. செம்பனை நடுவதற்கு ஒரு கணக்கு உண்டு: ஏறத்தாழ ஒன்பது மீட்டர் இடைவெளியில், முக்கோணம் முக்கோணமாக நடுவார்கள். அதனால் வண்டியில் போகும்போது நிரைகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடும். ஒரு நொடி கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நேர்ச்சந்து தெரியும், உடனே மரம் மறைக்கும், அடுத்த சந்து திறக்கும். அதுவரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தவன் திடீரென்று அமைதியாகிவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து, "மாமா, கொஞ்சம் வேகமா போங்களேன்" என்றான்.

"ஏன், என்னடா பார்த்தே?"

"ஒண்ணும் பார்க்கல."

சரி, பாடத்தை இங்கிருந்தே தொடங்கலாம். ஒன்றும் பார்க்காததால் வந்த அந்தப் பயத்தைத்தான் கார்பென்டர் படமாக எடுத்தார்.

குளிக்கும்போது முதுகில் பல்லி விழுகிறது. துள்ளிக் குதிக்கிறோம். அது திடுக்கிடல், இரண்டு நொடியில் ஓய்ந்துவிடும். பல்லி விழுந்தது, ஆனால் எங்கே போனதென்று தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டையை உதறுகிறோம், துண்டை உதறுகிறோம், கட்டிலுக்கடியில் பார்க்கிறோம், அன்றைக்குத் தூங்கும் வரை முதுகு கூசிக்கொண்டே இருக்கிறது. பயப் படங்களில் பெரும்பாலானவை முதல் பல்லியை நம்பிப் பிழைப்பவை. கார்பென்டருக்கு இரண்டாவது பல்லி.

அதை எப்படிச் செய்தார் என்பதற்குப் படச்சட்டகத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். சட்டகம் என்றால் திரையில் தெரியும் படத்தின் நான்கு ஓரங்களுக்குள் இருப்பது. பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் சட்டகம் கிட்டத்தட்ட சதுரம்: உயரம் ஓர் அடி என்றால் அகலம் 1.33 அடி. சினிமாஸ்கோப் போன்ற அகலத்திரையில் அதே ஓர் அடி உயரத்துக்கு அகலம் 2.35 அடி. ஃபிலிம் சுருள் அதற்காக அகலமாகிவிடாது. கேமரா லென்ஸ் காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கிப் பதியும், தியேட்டரில் புரொஜெக்டரின் லென்ஸ் அதைத் திரும்ப விரித்துக் காட்டும். நெருக்கி வைத்த ஃபிலிமைக் கையில் பிடித்துப் பார்த்தால் எல்லாரும் ஒட்டடைக் குச்சி மாதிரி இருப்பார்கள்.

தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த 'ராஜராஜ சோழன்'. அவ்வளவு அகலத்தை வைத்துக்கொண்டு யாரானாலும் என்ன செய்வார்கள்? தர்பாரை நிரப்புவார்கள், அரண்மனைத் தூண்களை நிறுத்துவார்கள். அகலம் என்றால் பிரமாண்டம் என்பதுதான் அன்றைய எண்ணம், ஹாலிவுட்டிலும் அப்படித்தான். கார்பென்டரிடம் நிரப்புவதற்குக் காசில்லை. 'ஹாலோவீன்' படத்தின் மொத்தச் செலவே சுமார் 3 லட்சம் டாலர். அந்தச் சின்னப் பணத்திலும் பனாவிஷன் அகலத்திரை லென்ஸ்தான் வேண்டும் என்று நின்றார். வாங்கிய அகலத்தில் பாதியைக் காலியாக விட்டார்.

ஒரு பெண் திரையின் இடது ஓரத்தில் நின்று தொலைபேசியில் பேசுகிறாள். வலப்பக்கம் முழுக்க இருட்டான வாசல். அந்த வாசலில் யாரும் இல்லை. ஆனால் படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே நம் கண் அவள் முகத்தை விட்டு வாசலுக்குப் போய்விடுகிறது. பல காட்சிகளில் அங்கே யாரும் வருவதே இல்லை. எப்போதோ ஒருமுறை வருகிறான். அந்த ஒருமுறைக்காக மற்ற எல்லாக் காலியிடங்களையும் நாம் காவல் காக்கிறோம். சம்பளமில்லாத ஜாகா வேலை!

இது எனக்கு முதலில் புரியவே இல்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

எண்பதுகளின் நடுவில் தோட்டத்தில் இருந்த எங்களுக்கு இந்தப் படம் பட்டணத்து வீடியோ கடையிலிருந்து கேசட்டாக வந்தது. அதற்கு முன்னால் சினிமா என்றால் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டும் படம்தான். முன்பக்கம் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்பக்கம் பாய் விரித்து உட்கார்ந்து, எம்.ஜி.ஆர். இடது கையால் வாள் வீசுவதைப் பார்ப்பார்கள். வீடியோ வந்ததும் திடல் காலியானது. தோட்டத்துக் கணக்கரான கிராணி வீட்டில் ஒரு செட், கடைக்காரர் வீட்டில் ஒரு செட், தலைக்குக் கொஞ்சம் சில்லறை வாங்கிக்கொண்டு வாடகைக்கு எடுத்த படங்கள். 'ஹாலோவீன்' பார்த்துவிட்டு, "சுமார்தான்" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன்.

என்ன நடந்தது என்றால், அகலத்திரைப் படத்தைக் கேசட்டில் போடும்போது அன்றைக்குப் பக்கவாட்டை வெட்டிவிடுவார்கள். 2.35 அகலத்தில் 1.33தான் பெட்டிக்குள் அடங்கும். கணக்குப் போட்டால் நூற்றுக்கு நாற்பத்து மூன்று பங்கு படம் காணாமல் போகிறது. வெட்டுகிறவர் எதை வைத்துக்கொள்வார்? பேசுகிற முகத்தை. எதைத் தள்ளுவார்? காலியாகக் கிடக்கிற இருட்டு வாசலை. பயத்தை மட்டும் கத்தரித்து எடுத்துவிட்டு மீதியைத்தான் எங்களுக்கு வாடகைக்குக் கொடுத்திருக்கிறார்கள். பல வருஷம் கழித்து டிவிடியில் முழு அகலத்தோடு பார்த்த அன்றைக்குத்தான், நான் பாதிப் படத்தைப் பார்த்துவிட்டு முழுத் தீர்ப்பு சொல்லியிருக்கிறேன் என்று தெரிந்தது.

ஆளைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1948இல் நியூயார்க் மாநிலத்தில் கார்த்தேஜ் என்ற சிற்றூரில் பிறந்து, கெண்டக்கியில் பௌலிங் கிரீன் என்ற இன்னொரு ஊரில் வளர்ந்தவர். அப்பா இசைப் பேராசிரியர். கலிபோர்னியாவில் சினிமா படித்தார். 1974இல் 'டார்க் ஸ்டார்' என்ற விண்வெளிக் கிண்டல் படம், 1976இல் ஒரு போலீஸ் நிலைய முற்றுகைப் படம், அப்புறம் 'ஹாலோவீன்'. திரைக்கதையை டெப்ரா ஹில் என்ற பெண்மணியோடு சேர்ந்து எழுதினார். படத்தின் தயாரிப்பாளரும் அவரே. பெண்பிள்ளைகள் பேசிக்கொண்டு நடக்கிற காட்சிகள் இயல்பாக இருப்பதற்கு அவர்தான் காரணம் என்று சொல்வார்கள். கதை நடக்கும் ஹாடன்ஃபீல்ட் ஊரின் பெயர்கூட அந்த அம்மா வளர்ந்த ஊரின் பெயர்.

கதை ஒரு வரி. ஆறு வயதில் அக்காவைக் கொன்ற பையன், பதினைந்து வருஷம் கழித்து மனநல விடுதியிலிருந்து தப்பி ஊருக்குத் திரும்புகிறான்.

தொடக்கக் காட்சியைக் கவனித்துப் பார்க்க வேண்டும். சுமார் நான்கு நிமிடம். கேமராதான் கொலைகாரனின் கண். வெளியிலிருந்து வீட்டைச் சுற்றி வருகிறோம், ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம், சமையலறையில் நுழைந்து கத்தியை எடுக்கிறோம், மாடிப்படி ஏறுகிறோம். வழியில் ஒரு முகமூடியை எடுத்து மாட்டியதும் திரையில் இரண்டு கண்துளைகள் மட்டும் தெரிகின்றன. கொலை முடிந்து வாசலுக்கு வந்தால் காரில் வந்து இறங்கியவர்கள் முகமூடியைக் கழற்றுகிறார்கள். அப்போதுதான் கேமரா வெளியே வந்து பையனைக் காட்டுகிறது. கோமாளி உடை, கையில் கத்தி, சின்னப் பிள்ளை. எனக்கு இதில் பிடித்தது அதற்கு அப்புறம் வரும் சில நொடிகள். அப்பா அம்மா அசையவில்லை, பையன் அசையவில்லை, கேமரா மட்டும் மெல்லப் பின்வாங்கி மேலே போகிறது. யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நமக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

முகமூடியோடு வரும் வளர்ந்த கொலைகாரனைப் படத்தின் பெயர்ப் பட்டியலில் 'உருவம்' என்றே போட்டிருப்பார்கள். முகமூடி எங்கிருந்து வந்தது தெரியுமா? 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கேப்டன் கிர்க், அதாவது நடிகர் வில்லியம் ஷாட்னரின் முகத்தில் செய்த கடைச்சரக்கு. இரண்டு டாலருக்கும் குறைவு. கண்துளையைப் பெரிதாக்கி, முடியைக் கலைத்து, வெள்ளை பெயிண்ட் அடித்தார்கள். கோபம், சிரிப்பு, வெறி எதுவும் இல்லாத முகம். காலியிடம் என்று இவ்வளவு நேரம் சொன்னேனே, அதுவே நடந்து வந்தால் அப்படித்தான் இருக்கும்.

அந்த உருவம் முதல் பாதியில் பட்டப்பகலில்தான் வருகிறது. வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே, சாலைக்கு அந்தப் பக்கம். நடைபாதையில் ஒரு வேலிச்செடி ஓரம். தோழி போய்ப் பார்த்தால் அங்கே ஆளில்லை. அப்புறம் கதையின் நாயகியான லாரி என்ற பெண் தன் அறை ஜன்னலிலிருந்து எட்டிப் பார்க்கும்போது கொல்லையில் கொடியில் காயும் துணிகளுக்கு நடுவே நிற்கிறது. அடுத்த பார்வைக்கு வெறும் துணி. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு விளக்கமே தேவையில்லை. லயத்து வீடுகளுக்குப் பின்னால் நீளக் கொடி, பத்து வீட்டுத் துணி, அதையும் தாண்டினால் கக்கூசு. ராத்திரியில் டார்ச்லைட்டோடு அந்தத் துணிகளை விலக்கிக்கொண்டு போன பிள்ளைகளுக்குக் கைலிக்கும் ஆளுக்கும் வித்தியாசம் தெரியக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

இரவுக் காட்சி ஒன்று. லாரி அழுதுகொண்டு ஒரு வாசல் நிலையில் சாய்கிறாள். பக்கத்தில் முழு இருட்டு. அந்த இருட்டுக்குள் ஒரு வெளுப்பு மெல்ல மெல்லத் தெளிகிறது, முகமூடி. ஒளிப்பதிவாளர் டீன் கண்டி அங்கே ஒரு சின்ன விளக்கை வைத்து, அதன் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். ஆள் அங்கே வரவில்லை. முன்னமே அங்கேதான் நின்றிருக்கிறான், நமக்குத்தான் இப்போது தெரிகிறது. இந்த ஒரு ஷாட்டைப் பார்த்த பிறகு படத்தின் முந்தைய இருட்டுகள் எல்லாவற்றின் மேலும் சந்தேகம் வந்துவிடுகிறது.

படத்தில் ரத்தம் மிகக் குறைவு என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. இதைப் பார்த்துப் பணம் பண்ண வந்த பின்னாள் படங்கள்தான் அண்டா அண்டாவாக ஊற்றின. இன்னொரு வேடிக்கை: கதை அமெரிக்காவின் நடுப்பகுதியில் இலை உதிரும் காலத்தில் நடக்கிறது. எடுத்ததோ கலிபோர்னியாவில் வசந்தகாலத்தில். அதனால் இலைகளுக்குப் பழுப்புச் சாயம் அடித்துத் தெருவில் கொட்டி, காட்சி முடிந்ததும் திரும்பவும் பொறுக்கிச் சாக்கில் கட்டிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போயிருக்கிறார்கள். கூர்ந்து பார்த்தால் சில காட்சிகளின் பின்னணியில் பனைவகை மரங்களும் தெரியும். செம்பனைக்கு நடுவில் குடியிருப்பவன் கண்ணில் அது படாமல் போகுமா!

இசையைச் சொல்லாமல் விட்டால் பாதிப் பாடம் போய்விடும். படத்துக்கு இசையும் கார்பென்டரே. சின்ன வயதில் அப்பா ஒரு ஜோடி போங்கோ மேளத்தை வைத்து ஐந்தெண்ணிக்கைத் தாளம் சொல்லிக்கொடுத்தாராம். 'ஹாலோவீன்' பியானோ அந்தத் தாளம்தான். நம் சொற்கட்டில் எழுதினால் இப்படி வரும்: தகிட தகிட தக தக. மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு. மொத்தம் பத்து, ஐந்தின் இரட்டை. தொடையில் தட்டிப் பாருங்கள். சாதாரண சினிமாப் பாட்டு நான்கு நான்காகப் போகும், கால் தானாக அதோடு சேர்ந்துகொள்ளும். இதில் மூன்று மூன்று என்று பழகும்போதே இரண்டுக்கு மாறுகிறது. சரி, இரண்டு என்று பிடித்துக்கொள்வதற்குள் திரும்ப மூன்று. படிக்கட்டில் ஒரு படி மட்டும் குட்டையாக இருப்பது போல, ஒவ்வொரு சுற்றிலும் கால் தடுக்குகிறது. கோயில் திருவிழாவில் மேளம் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. அதே கணக்கை ஒரே பியானோவில், ஏற்ற இறக்கமில்லாமல், நிறுத்தாமல் வாசித்தால் என்ன ஆகும் என்பதுதான் அவர் கண்டுபிடித்தது. இசை சேர்க்காத படத்தை ஒரு ஸ்டூடியோ அதிகாரிக்குப் போட்டுக் காட்டியபோது அந்தப் பெண்மணி கொஞ்சமும் பயப்படவில்லை என்று கார்பென்டரே எழுதியிருக்கிறார். இசையால்தான் படத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று அப்போது முடிவு செய்தாராம்.

இனி முடிவைச் சொல்லப் போகிறேன். படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். தப்பியவனைத் தேடி வந்த அவனுடைய மனநல டாக்டர் ஆறு முறை சுடுகிறார், உருவம் மாடியிலிருந்து விழுகிறது, எட்டிப் பார்த்தால் புல்தரையில் ஆளில்லை. அப்புறம் கேமரா நாம் இதுவரை பார்த்த இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டுகிறது. மாடிப்படி, கூடம், தெரு, வீடுகளின் முகப்பு. எல்லாம் காலி. மூச்சு விடும் சத்தம் மட்டும் எல்லா இடத்திலும் கேட்கிறது. படம் முடிந்தது. ஒன்றரை மணி நேரம் காலியிடத்தைப் பார்க்கப் பழக்கிவிட்டு, கடைசியில் வெறும் காலியிடத்தையே காட்டி அனுப்புகிற துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்?

போட்ட 3 லட்சத்துக்கு அமெரிக்காவில் மட்டும் 4 கோடி டாலருக்கு மேல் வந்தது. முகமூடிக் கொலைகாரன், தப்பிப் பிழைக்கும் ஒரு பெண், ஏதாவதொரு பண்டிகை நாள் என்று ஒரு வாய்ப்பாடே பிறந்து எண்பதுகள் முழுக்க ஓடியது. லாரியாக நடித்த ஜேமி லீ கர்ட்டிஸுக்கு இது முதல் சினிமாப் படம். 1960இல் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' படத்தில் குளியலறையில் கொலையாகும் ஜேனட் லீ அவருடைய அம்மா.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. பயப் படம் என்றாலே வெள்ளைக்காரச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். நம் பக்கத்தில் 1957லேயே சிங்கப்பூரின் கேத்தே-கெரிஸ் நிறுவனம் 'பொந்தியானாக்' எடுத்து மலாய்ப் பேய்ப் படங்களுக்கு ஒரு வரிசையைத் தொடங்கி வைத்தது. நாயகி மரியா மெனாடோ. இயக்கியவர் பி. என். ராவ், இந்தியாவிலிருந்து வந்தவர். வாழை மரத்தடியில் பொந்தியானாக் இருக்கும் என்று மலாய்க்காரப் பிள்ளைகள் சொல்ல, புளிய மரத்தடியில் மோகினி இருக்கும் என்று நாங்கள் சொல்ல, இரண்டு மரத்துக்கும் நடுவில் ஓடி வீடு சேர்ந்த காலம் எங்களுடையது.

'ஹாலோவீன்' காலியிடத்தைக் கொண்டு பயமுறுத்தியது என்றால், 1982இல் கார்பென்டர் அதைத் தலைகீழாகப் புரட்டினார். படத்தின் பெயர் 'தி திங்'. நம் வழக்கில் 'அது' என்று சொல்லலாம். பேயின் பெயரைச் சொல்லாமல் வீட்டில் பெரியவர்கள் "அது" என்பார்களே, அந்த அது.

அண்டார்டிக் பனியில் ஓர் ஆராய்ச்சி நிலையம். பன்னிரண்டு ஆண்கள், குளிர்காலம், வெளியே போக வழியில்லை. தொடக்கத்தில் ஒரு நாய் பனியில் ஓடி வருகிறது, ஹெலிகாப்டரில் நார்வேக்காரர்கள் அதைத் துரத்திச் சுடுகிறார்கள். பைத்தியக்காரர்கள் போல என்று நாமும் நினைக்கிறோம், நிலையத்தில் உள்ளவர்களும் நினைக்கிறார்கள். நாயை உள்ளே சேர்த்துக்கொள்கிறார்கள். அந்த நாய், நாயில்லை. எந்த உயிரைத் தொட்டாலும் அதை அப்படியே நகலெடுத்து அதுவாகவே மாறிவிடும் வேற்றுக்கிரக உயிர்.

நாய் நடைக்கூடத்தில் தனியாக நடந்து வரும் ஒரு காட்சி இருக்கிறது. குரைப்பதில்லை, மோப்பம் பிடிப்பதில்லை, வாலாட்டுவதில்லை. ஒவ்வொரு வாசலிலும் நின்று நிதானமாகப் பார்க்கிறது. ஓர் அறைக்குள் நுழைகிறது. உள்ளே சுவரில் ஒரு மனிதனின் நிழல் மட்டும் தெரிகிறது, நிழல் திரும்புகிறது, திரை இருள்கிறது. நிழல் யாருடையது என்று சொல்வதே இல்லை. இனி பன்னிரண்டு முகங்களில் எது மனித முகம் என்று யாருக்கும் தெரியாது. சட்டகம் நிறைய ஆட்கள், எல்லாரும் வெளிச்சத்தில், எல்லாரும் தெரிந்த முகங்கள். பயம் இப்போது அந்த முகங்களுக்குள் போய்விட்டது.

எங்கள் லயத்திலும் பன்னிரண்டு வீடுதான். ஒருமுறை ஒரு வீட்டுக் கோழி காணாமல் போனது. பாம்பா, கீரியா, ஆளா என்று தெரியவில்லை. ஒரு வாரம் யார் வீட்டு அடுப்பிலிருந்து மசாலா வாசம் வந்தாலும் மற்ற பதினொரு வீடும் மூக்கை உறிஞ்சிப் பார்த்தன. விடிகாலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக்கூட ஒருவருக்கொருவர் பேசாமல் போனார்கள் என்று அம்மா சொல்வார். கோழிக்கே அப்படியென்றால்!

படத்தில் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ஒரு சோதனை வைக்கிறார்கள். ஒவ்வொருவர் ரத்தத்திலும் கொஞ்சம் எடுத்துத் தட்டில் ஊற்றி, கம்பியைச் சூடேற்றித் தொடுகிறார்கள். மனித ரத்தம் என்றால் சும்மா சீறும். 'அது' என்றால் ஒவ்வொரு துளியும் தனி உயிர், தப்பிக்கப் பார்க்கும். சில பேரைக் கட்டிப்போட்டு வரிசையாக உட்கார வைத்து, ஒவ்வொரு தட்டாகக் கம்பி இறங்குகிறது. தொடுகிறது, சீறுகிறது. அடுத்தவர். தொடுகிறது, சீறுகிறது. காலி வாசலைப் பார்த்துப் பார்த்து நாம் பழகிய அதே காத்திருப்பு. வாசலுக்குப் பதிலாக ஒரு தட்டு.

உருமாறும் காட்சிகளைக் கணினி இல்லாத காலத்தில் ராப் பாட்டின் என்ற இளைஞர் ரப்பர், பசை, இயந்திரக் கம்பி, வண்ணக் கலவை கொண்டு செய்தார். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது போல இருக்கும். ஓய்வில்லாமல் ஒரு வருஷத்துக்கு மேல் உழைத்து, கடைசியில் மருத்துவமனையில் படுத்தார். அந்தக் காட்சிகள் இன்றைக்கும் குமட்டும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கறிச்சோற்றோடு உட்கார வேண்டாம். இசை இம்முறை இத்தாலியின் என்னியோ மோரிக்கோனி. இதயம் அடிப்பது போல இரண்டே தட்டு, திரும்பத் திரும்ப.

படம் வெளியானது 1982 ஜூன் 25. அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' வந்திருந்தது. அதிலும் வேற்றுக்கிரக உயிர், ஆனால் பிள்ளைகளோடு சைக்கிளில் பறக்கிற சாது. ஊரே அதைக் கொஞ்சிக்கொண்டிருக்கும்போது இது வந்து நின்றது. ஒன்றரைக் கோடி டாலர் படம் எடுபடவில்லை, விமர்சகர்கள் அருவருப்பு என்று எழுதித் தள்ளினார்கள், கார்பென்டர் கைக்கு வந்திருந்த அடுத்த படம் நழுவியது. பிறகு வீடியோவிலும் தொலைக்காட்சியிலும் பார்த்தவர்கள் மெல்ல மெல்ல அதைத் தூக்கி நிறுத்தினார்கள். அவர் எடுத்ததிலேயே சிறந்தது என்று இன்று பலர் சொல்வது இதைத்தான், நானும் அந்தக் கட்சி.

மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். 1980இன் 'தி ஃபாக்' கடலோர ஊர் ஒன்றில் மூடுபனியோடு வரும் பேய்களின் கதை. முதலில் எடுத்தது தனக்கே பிடிக்காமல் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்தார். விடிகாலையில் ரப்பர்க் காட்டுப் பனிக்குள் நெற்றி விளக்கோடு பால் வெட்டப் போனவர்கள் அதைப் பார்த்தால் இது எங்கள் வேலை நேரம் என்பார்கள். 1988இன் 'தே லிவ்' பயப் படம் என்பதைவிடக் கோபப் படம். வேலை தேடி லாஸ் ஏஞ்சலஸுக்கு வரும் ஒரு கூலியாள் ஒரு கறுப்புக் கண்ணாடியைக் கண்டெடுக்கிறான். மாட்டிப் பார்த்தால் விளம்பரப் பலகைகளில் 'கீழ்ப்படி', 'வாங்கு' என்று எழுதியிருக்கிறது. பணத்தாளில் 'இதுவே உன் கடவுள்'. நாயகன் ராடி பைப்பர், அப்போதைய மல்யுத்த நட்சத்திரம். கண்ணாடியை நண்பனை மாட்டிப் பார்க்கச் சொல்லி ஐந்து நிமிடத்துக்கு மேல் சந்தில் உருண்டு புரளும் சண்டை ஒன்று உண்டு, சிரித்து மாளாது. கடைசிக்கு எடுத்த சிலவற்றைப் பார்க்காமல் விட்டாலும் குற்றமில்லை. 2001இல் வந்த செவ்வாய்க் கிரகப் பேய்ப் படத்தை நான் இரண்டு முறை தொடங்கி இரண்டு முறையும் தூங்கினேன். 2018இல் புது 'ஹாலோவீன்' ஒன்று வந்தபோது, இயக்கியவர் வேறொருவர் என்றாலும், இசைக்கு மகனோடு சேர்ந்து அவரே உட்கார்ந்தார். தகிட தகிட தக தக அப்படியே இருக்கிறது.

புதிதாகப் பார்க்கிறவர்கள் 'ஹாலோவீன்' முதலில், ஒரு வாரம் விட்டு 'தி திங்' என்று பார்த்தால் போதும். கைப்பேசியில் வேண்டாம், காலியிடம் கட்டைவிரல் அகலம்கூட இருக்காது. அறை விளக்கை அணைத்துவிட்டு, நடிகர்கள் இல்லாத பக்கத்தைப் பாருங்கள். அப்புறம் முக்கியமான ஒன்று: தொலைக்காட்சியில் படத்தைப் பெரிதாக்கித் திரையை நிரப்பும் வசதி இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை வந்தால்தான் முழு அகலமும் தெரிகிறது என்று அர்த்தம்.

தீபாவளிக்கு மறுநாள் அக்கா மகனும் நானும் 'தி திங்' போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். நாய் நடைக்கூடத்தில் நடந்துகொண்டிருக்கிறது. அவன் மூச்சுகூட விடவில்லை. முறுக்குத் தட்டோடு வந்த அக்கா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "என்னடா இது, புது டிவி, மேலயும் கீழயும் கறுப்பா கிடக்கு, கெட்டுப் போச்சா?" என்று ரிமோட்டை எடுத்து எதையோ அழுத்தினார். படம் பெரிதாகித் திரையை நிரப்பியது. நாய் மட்டும் இருந்தது, வாசல்களைக் காணோம்.